எதிர்ச்சரிவில் காட்டுத்தீ: முதலில் எதைச் செய்வது, எப்போது கிளம்புவது?

பைன்மர ஓரம் (கேள்வி):
கொடைக்கானல் ஊர் எல்லையில் வீடு. நெளிவுத் தகரக் கூரை, கல் சுவர். கீழ்ச்சரிவு முழுக்க வனத்துறையின் பைன், நடுவில் எங்கள் பட்டாவில் ஒரு துண்டு சீகை (வாட்டில்) மரக்காடு. இரண்டு மேடு தள்ளி மூன்று நாளாகப் புகை தெரிகிறது. வீட்டில் வீசிங் உள்ள அம்மா இருக்கிறார்கள். மேல்தொட்டியில் 500 லிட்டர் தண்ணீர்தான். இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது என்ன? எந்தக் கட்டத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவது? பக்கத்துப் பையன்கள் எதிர்த்தீ (வரும் தீயை நோக்கி நாமே முன்கூட்டி ஒரு தீ மூட்டுவது) வைக்கலாம் என்கிறார்கள், சரியா?

மேல்மலைக்காரன்:
தம்பி, பெரும்பாலான வீடுகள் எதிரே வரும் தீச்சுவரால் எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குதான் வீட்டைப் பிடிக்கிறது. தீ அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே கங்கு கூரைக்கு வந்துவிடும். அதனால் முதல் வேலை காட்டில் இல்லை, வீட்டில்தான்.

நெளிவுத் தகரம் சுவர்மேல் உட்காரும் இடத்தைக் கீழே நின்று பாருங்கள். ஒவ்வொரு நெளிவுக்கும் அடியில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை இருக்கும். தகரம் எரியாது. ஆனால் அந்த ஓட்டை வழியாகப் போகும் கங்கு உள்ளே மரச்சட்டத்திலும் எலி சேர்த்த குப்பையிலும் உட்கார்ந்து கனியும், வெளியே ஒன்றும் தெரியாது. சிமென்ட் கலவையால் அடையுங்கள். காற்று போக வேண்டிய இடத்தில் 3 மி.மீ. கண்ணுள்ள ஸ்டீல் வலை அடியுங்கள். நைலான் கொசுவலை உருகி விழுந்துவிடும், அதை நம்பாதீர்கள். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரப் பட்டையில் பைன் ஊசி நிறைந்திருக்கும், இன்றைக்கே வழித்துப் போடுங்கள்.

அடுத்து சுவரிலிருந்து 5 அடி. அந்த இடத்தில் எரியும் பொருள் எதுவும் கூடாது: சாய்த்து வைத்த விறகு, கதவோரத் தென்னைநார் மிதியடி, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் படர்ந்த கொடி. விறகடுக்கைக் குறைந்தது 30 அடி தள்ளி, வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் வராதபடி மாற்றுங்கள். 30 அடிக்குள் காய்ந்த புல்லையும் பெரணியையும் தரையோடு அறுத்துவிடுங்கள். மரத்தில் ஆறடி உயரம்வரை காய்ந்த கிளைகளைக் கழியுங்கள். தரைத்தீ அந்தக் கிளைகளைப் பிடித்துத்தான் உச்சிக்கு ஏறுகிறது.

சீகையை மொத்தமாக வெட்ட ஆசை வரும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே பட்டா நிலத்துக்கும் உண்டு, அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டக் கூடாது. கன்றைப் பிடுங்கி, சருகை வாரினாலே ஆபத்து நிறையக் குறையும்.

கீழ்க்காற்று:
எப்போது கிளம்புவது என்பதற்கு முன் ஊரின் வழியைப் பாருங்கள். வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை, அடுக்கம் சாலை என்று மூன்று இருப்பதாகத் தோன்றும். மூன்றும் பெருமாள்மலையில்தான் சேருகின்றன. அதற்கு மேலே ஊர்வரை ஒரே கழுத்து. பேரிஜம் வழியாக மூணாறுக்கு வண்டிப் போக்குவரத்து கிடையாது, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போவது வெளியேறுவதாகாது. ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் அந்தக் கழுத்து சாதாரண நாளிலேயே அடைக்கும், புகை மூடினால் நகராது. அதனால் உத்தரவுக்குக் காத்திருக்காமல் வீசிங் உள்ளவரை இன்றைக்கே வத்தலக்குண்டிலோ பழனியிலோ உறவினர் வீட்டில் விடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

மற்றவர்கள் கிளம்ப ஓர் எல்லையை இப்போதே முடிவு செய்யுங்கள். நடுவில் உள்ள மேட்டின் உங்கள் பக்கச் சரிவில் பகலில் புகை கிளம்பினால் கிளம்ப வேண்டியதுதான். பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேலே அடிக்கும், தீயும் கூடவே ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் வழக்கமான கணக்கு. 20 டிகிரிச் சரிவில் சமதளத்தைவிட நான்கு மடங்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது காய்ந்த புல் நிறைந்த செங்குத்துச் சரிவில்தான். மேல்நோக்கி ஓடித் தீயை ஜெயிக்க முடியாது. ராத்திரி காற்று இறங்கும், தீ சோம்பும், ஆனால் புகை பள்ளத்தில் தேங்கிச் சாலை தெரியாது.

தீ இருக்கும் இடம் என்று செயற்கைக்கோள் காட்டும் புள்ளியை வைத்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய வன அளவைத் துறையின் இணையதளத்தில் பதிந்தால் தீ எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். வரும், பதிந்து வையுங்கள். ஆனால் அந்தப் புள்ளி 375 மீட்டர் சதுரத்தின் நடு. தீ அதற்குள் எங்கேயும் இருக்கலாம். அந்தச் செயற்கைக்கோள்கள் மதியம் ஒன்றரை, ராத்திரி ஒன்றரை வாக்கில்தான் கடக்கின்றன. மூன்று மணிக்குப் பற்றிய தீ ராத்திரிவரை படத்தில் வராது. புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று அர்த்தமில்லை.

பைன்மர ஓரம்:
நன்றி அண்ணா. அம்மாவை மதியமே அனுப்புகிறோம். 500 லிட்டரையும் கூரையில் ஊற்றி நனைத்து வைக்கலாமா?

பம்ப்செட்:
வேண்டாம் சார். தகரக் கூரையில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், மிச்சமும் வறண்ட காற்றில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். அரை அங்குல ஓஸில் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்தாலும் 40 நிமிடத்தில் தொட்டி காலி. இன்னொன்று, தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான், ஓஸ் முனையில் பீய்ச்சாது, ஒழுகும். மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்றால், தீ மின்கம்பிக்கு அடியில் வந்ததும் கரன்ட் போய்விடும். பெட்ரோல் பம்ப் இருந்தால் மட்டும் ஓஸை நம்புங்கள்.

பூண்டுப் பயிருக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் ஸ்ப்ரேயர் இதற்கு மிகப் பொருத்தம். மருந்து வாசம் போகக் கழுவி, வாஷரைச் சரிபார்த்து, நிரப்பி வையுங்கள். கூரையில் விழும் ஒவ்வொரு கங்கையும் அதால் அணைக்கலாம், ஒரு நிரப்பு நீண்ட நேரம் வரும். மேல்தொட்டித் தண்ணீரை 200 லிட்டர் இரும்பு டிரம் இரண்டில் இறக்கி வீட்டின் எதிரெதிர் மூலையில் வைத்து, வாளியும் ஈரச் சாக்கும் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியும் பிவிசி குழாயும் சூட்டில் இளகி, தேவைப்படும் நேரத்தில் கொட்டிவிடும். கிளம்பும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, சிலிண்டரை வீட்டை விட்டுத் தள்ளி மண்தரையில் நிமிர்த்தி வையுங்கள்.

மேல்மலைக்காரன்:
எதிர்த்தீ பற்றி யாரும் சொல்லவில்லை. பையன்களைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். பெருந்தீ காற்றைத் தன் பக்கம் இழுக்கும் தூரத்துக்குள் வந்த பிறகுதான் எதிர்த்தீ அதை நோக்கிப் போகும். அதற்கு முன்னால் வைத்தால் பள்ளத்துக் காற்று அதை உங்கள் வீட்டுக்கே தள்ளிவிடும், ஒன்றுக்கு இரண்டு தீ. காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றமும்கூட. ரேஞ்சர் முன்னின்று செய்தால் மட்டும் கூட நில்லுங்கள்.

பையன்களுக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது. பட்டா எல்லைக்குள் 10 அடி அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு போடச் சொல்லுங்கள். மேல்சருகை மட்டும் பெருக்கினால் போதாது. பைனுக்கு அடியில் ஒரு சாண் மக்கிய சருகு இருக்கும், தீ அதற்குள் புகைந்தபடி கோட்டைத் தாண்டும். மண்வெட்டியால் மண் தெரியும்வரை சுரண்ட வேண்டும். வாரிய சருகைத் தீ வரும் பக்கம் குவிக்காமல் வீட்டுப் பக்கம் பரவலாக, வீட்டிலிருந்து 30 அடிக்கு வெளியே வீசுங்கள். வீட்டுக்கு மேலேயும் காடு இருந்தால் அங்கே போடும் கோட்டின் கீழ்விளிம்பில் அரையடி வாய்க்கால் வெட்டுங்கள், எரிந்தபடி உருண்டு வரும் பைன் காய் அதில் நிற்கும். காட்டன் சட்டை, தோல் ஷூ போட்டு வேலை செய்யட்டும், பாலியெஸ்டர் தோலோடு ஒட்டும். அவசரத்துக்கு 101 அல்லது 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

மூச்சு:
புகைக்கு ஈரத்துண்டு உதவாது, நுண்துகள் அதைத் தாண்டிப் போகும். என்95 வேண்டும், மூக்கில் கம்பியை அழுத்திக் கன்னத்தோடு ஒட்டப் போட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. அம்மாவின் இன்ஹேலர், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்), மருந்துச் சீட்டு மூன்றும் அவர்கள் பையிலேயே போகட்டும். வீட்டில் இருப்பவர்கள் ஓர் அறையைத் தேர்ந்து ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டுங்கள். அந்த அறையில் ஊதுபத்தியும் கொசுவர்த்தியும் கொளுத்தாதீர்கள்.

தீ கடந்து போனதும் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடாதீர்கள். சில மணி நேரம் அரை மணிக்கொரு முறை கூரை இடுக்கு, விறகடுக்கு, மரப்படிக்கு அடியில் பாருங்கள். எரிந்த அடிமரத்தின் வேர் மண்ணுக்குள் நாள் கணக்கில் கனியும், மேலே சாம்பல் மட்டும் தெரியும். புறங்கையை ஒரு சாண் மேலே பிடித்தால் சூடு தெரியும். அங்கே கொத்திக் கிளறித் தண்ணீர் விடுங்கள், தண்ணீர் இல்லையென்றால் ஈரமண்ணோடு கலந்து மிதியுங்கள். மண்ணால் மூடிவிட்டு மட்டும் போகாதீர்கள், அடியில் கனல் அப்படியே இருக்கும்.