'ஒவ்வா வடிவம்': ஒரு சொல் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வேறொரு சொற்செயலியில் உருவான ஆவணம் நம் கணினியில் திறக்க மறுக்கும் நிலைக்கு 'பொருந்தாக் கோப்பு', 'இணங்கா ஆவணம்', 'ஒவ்வாக் கோப்பு' என்னும் மூன்று பெயர்கள் இங்கு முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் நல்ல தமிழே. ஆனால் மூன்றும் பழியைக் கோப்பின்மேல் சுமத்துகின்றன.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் கணக்கையும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் குறிப்பையும் பார்ப்பவர்கள், திறக்காத எதையும் "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று சொல்லி அழித்துவிடுவதுண்டு. வேர்டு 2007-இல் சேமித்த 'டாக்எக்ஸ்' கோப்பை, உரிய இணைப்பு நிரல் இல்லாத வேர்டு 2003-இல் திறந்தால், 'பி.கே.' என்ற இரண்டு எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து வெறும் கிறுக்கல்களும் தோன்றக்கூடும். அக்கோப்பு உண்மையில் எக்ஸ்எம்எல் பகுதிகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு 'ஜிப்' பொதி என்பதும், அந்த இரண்டு எழுத்துகள் ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் என்பதும் தெரிந்தவர், அதில் பழுது ஏதுமில்லை என்பதை உடனே உணர்வார். ஆகவே 'பழுதடைந்த கோப்பு' என்பதிலிருந்து தெளிவாக விலகி நிற்கும் சொல்லே நமக்குத் தேவை.

என் பரிந்துரை 'ஒவ்வா வடிவம்'. ஒவ்வாமை கிளினிக்கில் புழங்கும் சொல்லாயிற்றே என்று ஓர் அன்பர் தயங்கியிருந்தார். எனக்கோ அதுவே இதன் சிறப்பாகப் படுகிறது. இறால் ஒருவருக்கு ஒவ்வாது என்றால் இறால் கெட்டது என்று பொருளில்லை. அதை இன்னொருவர் விரும்பி உண்பார். அதுபோல் ஒரு செயலி ஏற்காத கோப்பை லிப்ரே ஆபிஸ் போன்ற வேறொரு செயலி திறந்துவிடலாம். வகரம் தொடர்வதால் ஒற்று மிகுமா என்ற வழக்கமான சண்டைக்கும் இதில் இடமில்லை.

இனி வினைச்சொல். ஓர் அயல்வடிவக் கோப்பைத் திறக்கும்போது செயலி அதன் உள்ளடக்கத்தை நினைவகத்தில் தன் முறைக்கு மாற்றிக்கொள்கிறதேயன்றி, நாம் சேமிக்கும்வரை வட்டிலுள்ள மூலத்தைத் தொடுவதில்லை. எனவே 'வடிவம் பெயர்த்துத் திறத்தல்', 'வடிவம் பெயர்த்துச் சேமித்தல்' என இரண்டையும் பிரித்தே வழங்க வேண்டும். இரண்டுக்கும் 'மாற்றுதல்' என்ற ஒரே சொல்லை வைத்தால், மூலம் அழிந்துவிடுமோ என்று அஞ்சிப் பலர் திறக்கவே தயங்குவார்கள். அட்டவணையும் பக்க எண்ணும் இடம் பெயர்ந்து நிற்பதற்கு 'தளக்கோலக் குலைவு' போதும். அதைப் பற்றி நீட்டி விவாதிக்க வேண்டியதில்லை.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலை மட்டும் இதனுடன் கலக்கக் கூடாது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறியேற்றங்களான, அதாவது எழுத்துகளுக்குக் கணினி எண் வழங்கும் ஏற்பாடுகளான, திஸ்கி முறையிலோ, 1999-இல் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த 'தாம்', 'தாப்' முறைகளிலோ தட்டச்சிட்ட பழைய ஆவணம் இன்றைய சொற்செயலியில் சிக்கலின்றித் திறந்துவிடும்; ஆனால் உரிய எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் புள்ளியும் ஏறிய ரோமன் எழுத்துகளே தெரியும். வடிவம் ஒத்துப்போய்விட்டது; முரண்படுவது குறியேற்றம். இதற்குப் பழைய எழுத்துருவை நிறுவவோ, உரையை ஒருங்குறிக்கு மாற்றவோ வேண்டுமே தவிர, கோப்பு வடிவத்தைப் பெயர்ப்பதால் பயனில்லை. இதனைக் 'குறியேற்ற முரண்' என்று தனியே குறிக்கலாம்.

செயலியின் கட்டளைப் பட்டியில் (மெனு) இடம் குறைவு என்பதால் 'வடிவப் பெயர்ப்பு' என்ற பெயர்ச்சொல்லே போதுமா, 'பெயர்த்துத் திற' என்ற ஏவல் வேண்டுமா என்பதில் அன்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்; என் சாய்வு ஏவலின் பக்கமே.