விண்வெளி நிலையத்தில் ஏன் மிதக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

முல்லைக்கொடி:
என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 2025-ல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போயிருந்தபோது வந்த வீடியோ ஒன்றை நேற்று ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தோம். "எல்லாரும் ஏம்மா மிதக்கிறாங்க?" என்று கேட்டாள். அங்கே புவியீர்ப்பு கிடையாது கண்ணு என்றேன். சோற்றைப் பிசைந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தாள். "நிலா அதைவிட ரொம்பத் தூரத்துல இருக்கே. ஈர்ப்பு இல்லைன்னா அது ஏன் ஓடிப்போகாம நம்மளையே சுத்துது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது வணிகவியல். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
நீங்கள் சொன்ன பதிலில் தப்பில்லை அம்மா. 26 வருடமாக அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைக்கு "அங்கே ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள்" என்பதே போதும். சின்ன வகுப்பில் 3-லிருந்து 5-ஐக் கழிக்க முடியாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். அப்புறம் மைனஸ் எண்கள் வருகின்றன. அந்த டீச்சர் நம்மிடம் பொய் சொன்னார் என்று யாரும் நினைப்பதில்லை. பாடம் படிப்படியாகத்தான் ஏறும்.

மொட்டைமாடி:
சார், உங்கள் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒப்புமையை ஏற்க முடியவில்லை. 3-லிருந்து 5 போகாது என்பது பாதி உண்மை. மீதியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். "அங்கே ஈர்ப்பு இல்லை" என்பதோ உண்மைக்கு நேர் எதிர்.

அந்த நிலையம் பறப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். சென்னையிலிருந்து சாலை வழியாக மதுரைக்குப் போகும் தூரம்கூட இல்லை. வகுப்பில் வைத்திருக்கும் 30 செ.மீ. உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிலையம் இருக்கும் இடம் மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். அவ்வளவு பக்கத்தில் ஈர்ப்பு எப்படிக் காணாமல் போகும்? தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. 400 கி.மீ. உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் எடை மெஷினை வைத்து, 60 கிலோ ஆள் ஒருவரை ஏற்றி நிறுத்தினால் 53 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார்.

முல்லைக்கொடி அவர்களே, உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலாவும் நிற்காது, அந்த நிலையமும் நிற்காது. நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்கள் மிதக்கக் காரணம், அவர்களும் நிலையமும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதுதான்.

கரும்பலகை:
இந்த எண்கள் எனக்கும் தெரியும் தம்பி. பத்து வருடம் முன்பு நானும் இதையேதான் வகுப்பில் சொன்னேன். "விழுந்துகொண்டே இருக்கிறார்கள்" என்றதும் முன் பெஞ்சுப் பையன் எழுந்து, "அப்ப ஏன் சார் இன்னும் தரைக்கு வரலை?" என்றான். என் பதிலைக் கேட்டு 45 பிள்ளைகளும் இன்னும் குழம்பிப்போனார்கள்.

இதில் நம் மொழி சார்ந்த சிக்கலும் இருக்கிறது. செல்போன் விழுந்துவிட்டது என்றால் அது தரையில் கிடக்கிறது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். விழுவது என்றாலே தரையில் போய் முடிய வேண்டும். முடியவே முடியாத விழுதலை அது பார்த்ததே இல்லை.

எனக்கே அப்படித்தான் இருந்தது. 1979-ல் எனக்கு எட்டு வயது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது, எங்கே விழும் என்று தெரியாது என்று ஊரே பேசியது. பாட்டி எங்களைத் திண்ணையில்கூட உட்கார விடவில்லை. ஜூலையில் அது ஆஸ்திரேலியா பக்கம் போய் விழுந்தது. விண்வெளியில் ஒன்று விழுகிறது என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்தப் பயம்தான்.

மொட்டைமாடி:
சொல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் அப்படி யோசித்ததில்லை. ஆனாலும் அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நியூட்டன் காட்டிய பீரங்கிதான் அது.

உயரமான மலை உச்சியில் பீரங்கி வைத்து, தரைக்கு இணையாகக் குண்டு சுடுகிறோம். மெதுவாகச் சுட்டால் பக்கத்தில் விழும். வேகத்தைக் கூட்டக் கூட்டத் தள்ளிப்போய் விழும். இப்போது இரண்டு எண்கள் மட்டும் போதும். எந்தப் பொருளும் முதல் ஒரு நொடியில் ஏறக்குறைய 5 மீட்டர் விழும். பூமி உருண்டை என்பதால், 8 கி.மீ. தூரம் நேராகப் போனால் தரையும் வளைந்து 5 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். காற்று குறுக்கே வராமல், நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் சுட்டால்? குண்டு 5 மீட்டர் விழுகிறது, தரையும் 5 மீட்டர் விலகுகிறது. அடுத்த நொடியும் அப்படியே. குண்டு விழுகிறது, ஆனால் தரை கைக்கு எட்டவே இல்லை.

விண்வெளி நிலையத்தின் வேகம் நொடிக்கு சுமார் 7.7 கி.மீ. ஒரு சுற்று முடிக்க ஒன்றரை மணி நேரம். ஸ்கைலாப் விழுந்ததற்குக் காரணம், அந்த உயரத்திலும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று உரசி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியது. இப்போதைய நிலையத்தை அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தூக்கிவிடுகிறார்கள்.

தராசு:
இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, இரண்டும் சமம், அதனால் மிதக்கிறார்கள். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், புரிந்தது.

மொட்டைமாடி:
புரிந்த மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. இரண்டு விசையும் அடித்துக்கொண்டு பூஜ்யமானால் நிலையம் நேராகத்தான் போகும், வளையாது. கவணில் கல்லை வைத்துச் சுற்றும்போது கயிறு இழுப்பதால்தான் கல் வட்டமாக வருகிறது. கயிற்றை விட்டதும் நேரே பாய்கிறது. ஈர்ப்புதான் இங்கே கயிறு. நிலையத்தோடு சேர்ந்து நாமும் சுற்றுவதாக வைத்துக் கணக்குப் போடும்போது மையவிலக்கு விசை உதவும், மறுக்கவில்லை. ஆனால் மிதப்பதற்குச் சுற்றவே வேண்டியதில்லை. அதை வீட்டிலேயே காட்டலாம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போடுங்கள். ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள். மேல் மூடி வேண்டாம். விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சும்போதே பாட்டிலை மாடியிலிருந்து நேராக விட்டுவிடுங்கள். விழும் நேரம் முழுக்கத் தண்ணீர் வெளியே வராது. அங்கே சுற்றும் இல்லை, மையவிலக்கும் இல்லை. பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுகின்றன, அதனால் தண்ணீர் பாட்டிலை அழுத்தவில்லை. அவ்வளவுதான்.

ஒளியாண்டு:
கரும்பலகை சார் பக்கம் ஒரு வார்த்தை. 1907-ல் ஐன்ஸ்டைன் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்ததும் இதைத்தான். கூரையிலிருந்து விழும் ஆளுக்குத் தன் எடையே தெரியாது. ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் விழுந்துகொண்டிருப்பவரால், தான் விழுகிறாரா, ஈர்ப்பே இல்லாத இடத்தில் இருக்கிறாரா என்று அந்தப் பெட்டிக்குள் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர் கணக்கில் "ஈர்ப்பு இல்லை" என்பது தப்பே இல்லை. உயர்ந்த இயற்பியலும் முதல் பாடமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

மொட்டைமாடி:
எனக்கும் பிடித்த சிந்தனை அது. ஆனால் அது பெட்டிக்குள் மட்டும் செல்லும், அதுவும் பெட்டி சின்னதாக இருந்தால். இந்தப் பெண் கேட்டது நிலாவைப் பற்றி. ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிட்ட பிள்ளையை மறுபடி பெட்டிக்குள் போகச் சொல்ல முடியாது. நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 3,84,000 கி.மீ. தள்ளி இருப்பதால் ஒரு நொடியில் அது விழுவது 1.4 மி.மீ. மட்டும். அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அந்த 1.4 மில்லிமீட்டர்தான் அதை நம்மிடம் பிடித்து வைத்திருக்கிறது.

கரும்பலகை:
சரி, அந்தப் பதிலை நிறுத்திவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் இடத்தில் எந்தச் சொல்? "எடையின்மை" என்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் எடை என்றால் நிறை பெருக்கல் ஈர்ப்பு முடுக்கம் என்று நானே எழுதிப்போடுகிறேன். அங்கே 90 சதவீதம் ஈர்ப்பு இருந்தால் எடையும் 90 சதவீதம் இருக்க வேண்டும். அப்புறம் எப்படி எடையின்மை? நன்றாகப் படிக்கும் பிள்ளை இதைத்தான் பிடிக்கும்.

மொட்டைமாடி:
"எடை தெரியவில்லை" என்று சொல்லலாம் சார். எடை போகவில்லை. தாங்கிப் பிடிக்கத் தரை இல்லாததால் தெரியவில்லை.

முல்லைக்கொடி:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குச் சாயங்காலம் பாட்டிலை வைத்துச் செய்துபார்த்தோம். நான் மாடியில் நின்றேன், மகள் கீழே போனில் ஸ்லோமோஷன் வைத்துப் பிடித்தாள். முதல் தடவை பாட்டில் சாய்ந்து விழுந்ததில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. என் கையில் இருக்கும்வரை தண்ணீர் சுவரில் அடிக்கிறது. கையை விட்டதும் கயிறு அறுந்த மாதிரி நின்றுவிடுகிறது. சுவரிலும் ஈரம் என் கை உயரத்தோடு நின்றுவிட்டது, அதற்குக் கீழே வழிந்தது மட்டும்தான். மகள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப அவங்க இந்தப் பாட்டிலுக்குள்ள இருக்கிற மாதிரியாம்மா?" என்றாள்.

அதோடு விடவில்லை. கீழே இருந்து பாட்டிலை எனக்குத் தூக்கிப் போட்டாள். மேலே ஏறி வரும்போதும் தண்ணீர் வரவில்லை! "மேல போகும்போது அது விழலையே, அப்பவும் ஏன் நின்னுச்சு?" என்கிறாள். மறுபடி நான் மாட்டிக்கொண்டேன்.

கரும்பலகை:
அம்மா, இதற்கு நான் சொல்கிறேன். கையை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்து பாட்டிலை இழுப்பது பூமி மட்டும்தான். மேலே போனாலும் கீழே வந்தாலும் அந்த இழுப்பு மாறாது. மேலே போகும்போது பாட்டில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு வேகத்தை இழக்கிறதோ, உள்ளே இருக்கும் தண்ணீரும் அவ்வளவே இழக்கிறது. ஒன்றை ஒன்று முந்தவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அதனால் ஓட்டை வழியே தள்ள ஆள் இல்லை. நாம் "விழுதல்" என்று சொன்னது கீழே போவதை இல்லை, ஈர்ப்பு ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுத்துப் போவதை. நான் மேலே சொன்ன சொல் சிக்கலை உங்கள் பெண் ஒரே எறியில் அவிழ்த்துவிட்டாள்.

தம்பி மொட்டைமாடி, படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. முதல் படி எது என்பதில் மாறிவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் இந்தப் பாட்டிலோடுதான் தொடங்கப்போகிறேன். ஓட்டை எவ்வளவு பெரிதாகப் போட்டீர்கள் அம்மா?

முல்லைக்கொடி:
காலண்டர் மாட்டும் ஆணிதான் சார். ஒரு ஓட்டை போதும், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். எறியும்போது பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து எறியச் சொல்லுங்கள், சுழன்றால் தண்ணீர் சிதறுகிறது.