தந்தைக்கும் அத்தைகளுக்கும் உடல் பருமன்: எனக்கு வந்தது பரம்பரையாலா, சாப்பாட்டாலா?

பாலக்கோடு வாசி:
அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்த நான், 2013 முதல் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து வருகிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது 60 கிலோ இருந்தேன். இன்று 81 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். என் தந்தைக்கும் இரண்டு அத்தைகளுக்கும் நடுவயதில் உடல் பெருத்து, பிறகு சர்க்கரை நோயும் வந்தது. ஆனால் ஊரிலேயே தக்காளியும் கேழ்வரகும் பயிரிடும் என் அண்ணன், கிட்டத்தட்ட என் உயரமே இருந்தும் 64 கிலோவைத் தாண்டவில்லை. சென்ற மாதம் நான் பார்த்த மருத்துவர் ஒருவர், "இது உங்கள் பரம்பரை உடம்பு, பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது" என்று கூறி அனுப்பிவிட்டார். அந்தச் சொல் மனத்தை விட்டு அகலவில்லை. மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் தெளிவு கிடைக்குமா?

கிருஷ்ணகிரி உயிரியல் ஆசிரியை:
தம்பி, பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986-இல் வெளியான ஆய்வில், வளர்ந்தபின் அவர்களது உடல் பருமன் வளர்த்த பெற்றோரை ஒத்திருக்கவில்லை, பெற்றவர்களையே ஒத்திருந்தது. 2007-இல் எஃப்டிஓ என்னும் மரபணுவின் ஒரு மாறுபாடு கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள், அறவே பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருந்தார்கள். இத்தகைய மாறுபாடுகள் 2018-க்குள் 900-க்கும் மேல் கண்டறியப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது.

இவற்றில் பல, கொழுப்பைச் சேர்ப்பதைவிடப் பசியையும் நிறைவையும் ஆளும் மூளைப் பகுதிகளிலேயே வேலை செய்கின்றன. ஒரே அளவு சோறு உண்ட இருவரில் ஒருவருக்குப் போதும் என்ற உணர்வு சற்றுத் தாமதமாக வரும். எதிரே கிடைப்பது கொஞ்சமாக இருக்கும்வரை அந்தத் தாமதம் வெளியே தெரியாது. இரவு ஷிப்டில் போண்டாவும் சர்க்கரை போட்ட தேநீரும் கேட்காமலே வந்துகொண்டிருக்கும் இடத்தில் அது எடையாக மாறும். சர்க்கரை பானங்களைப் பற்றி 2012-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு இதையே காட்டியது: நாள்தோறும் அவற்றைக் குடித்தவர்களிடம் மரபின் தாக்கம் பெருகியும், அரிதாகக் குடித்தவர்களிடம் குறைந்தும் காணப்பட்டது. உடலுழைப்பும் அவ்வாறே, உழைப்புள்ளவர்களிடம் எஃப்டிஓவின் தாக்கம் ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் குறைகிறது.

உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மாறுபாடுகளையே பகிர்ந்துகொள்வதால், அண்ணனோடு ஒப்பிட்டு முடிவுகட்ட வேண்டாம். 2013-இல் இருந்த உங்களோடு ஒப்பிடுங்கள். இத்தனை ஆண்டுகளில் உங்கள் மரபணு மாறவில்லை. மாறியது தட்டும், தூக்கமும், நடையும். ஏறிய 21 கிலோவுக்கு அங்கேதான் காரணம் தேட வேண்டும்.

பரிசோதனை தேவையில்லை என்பது என் கருத்து. குழந்தைப் பருவத்திலேயே அடங்காப் பசியோடு மிகையாகப் பருத்தவர்களுக்கு எம்சி4ஆர், லெப்டின் போன்ற, பசியை ஆளும் மரபணுக்களைச் சோதிப்பதில் பொருள் உண்டு. நடுவயதில் ஏறிய எடைக்கு அது வழிகாட்டாது. மேலும், எஃப்டிஓ மாறுபாடு உள்ளவர்களும் முறையாக முயன்றால் மற்றவர்களுக்கு இணையாகவே எடை குறைகிறார்கள் என்று 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். "ஒன்றும் செய்ய முடியாது" என்பது தவறான சொல், தம்பி. அதை நீங்கள் சுமக்க வேண்டாம். உங்கள் உடல் நிறை எண் (கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 28-க்கு மேல். இந்தியர்களுக்கு 25-லிருந்தே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், தந்தையின் நோயையும் எண்ணி, வெறும் வயிற்றில் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள்.

அரூர் விவசாயி:
ஆசிரியை கூறியதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கேழ்வரகு பயிரிடும் அண்ணனுக்கு எடை ஏறவில்லை என்பதைப் படித்தவுடன் "ராகி சாப்பிட்டால் இளைத்துவிடலாம்" என்று எண்ணிவிடாதீர்கள். மாவுக்கு மாவு, கேழ்வரகின் கலோரி அரிசிக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம். என் தாயார் துடுப்பால் கிண்டி இறக்கும் களி உருண்டை ஒன்றை, கொள்ளுக் குழம்பில் தோய்த்துக் கீரைக் கடைசலோடு விழுங்கினால், மாலை வரை வயிறு எதையும் கேட்பதில்லை. அதே ராகியைச் சர்க்கரை கரைத்த மால்ட்டாக மூன்று வேளை குடித்த என் மாமாவுக்கு எடை ஏறத்தான் செய்தது.

பாலக்கோடு வாசி:
ஆசிரியை அம்மாவுக்கும் அரூர் ஐயாவுக்கும் நன்றி. இடுப்பை அளந்தேன்: 97 சென்டிமீட்டர். இரவு ஷிப்டில் இரண்டு மணிக்குத்தான் பசி பொறுக்க முடியாமல் வருகிறது. அந்த நேரத்துக்கு என்ன எடுத்துச் செல்லலாம்?

கிருஷ்ணகிரி உயிரியல் ஆசிரியை:
வேகவைத்த கொள்ளு அல்லது சுண்டல் ஒரு கிண்ணம், ஒரு முட்டை, உப்பிட்ட மோர். தேநீரைச் சர்க்கரையின்றிக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். கேன்டீனுக்குப் போகும் முன்பே இதைச் சாப்பிட்டுவிடுங்கள், தம்பி.