பங்க் கூட்டத்தின் முன் தனி ஆளாகக் கவிதை: ஜான் கூப்பர் கிளார்க் எப்படி நின்றார்?

சால்ஃபோர்டுவாசி:
இரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்து சால்ஃபோர்டில் இருக்கிறேன். போன வியாழக்கிழமை ஒரு பப்பின் மாடியில், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற நிகழ்ச்சியில், ஆங்கிலத்தில் நான் எழுதிய வேடிக்கைக் கவிதையை வாசித்தேன். பத்து வரி தாண்டுவதற்குள் எல்லோரும் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். இதே ஊரில் 1949-இல் பிறந்த ஜான் கூப்பர் கிளார்க், செக்ஸ் பிஸ்டல்ஸ், பஸ்காக்ஸ் என்ற பங்க் (முரட்டு வேக ராக் இசை) குழுக்கள் மேடையேறும் முன் தனியாகக் கவிதை சொன்னவர். மேடையை நோக்கித் துப்புகிற, பீர் வீசுகிற கூட்டம் அது. எப்படி நின்றார்? கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பழைய இசைத்தட்டு:
பங்கிலிருந்து தொடங்காதீர்கள். அதற்கு முன்பே மான்செஸ்டரில் நகைச்சுவையாளர் பெர்னார்ட் மேனிங்கின் எம்பஸி கிளப்பில் கவிதை சொன்னவர் அவர். குடிக்கவும் சிரிக்கவும் வந்தவர்களிடம், கவிதையைக் கேட்க யாருமே வராத இடத்தில், பழகிய நாக்கு அது. பிறகு வந்த பங்க் மேடை அவருக்குப் புது இடம், புது வேலை இல்லை. 1978-இல் பெரிய நிறுவனத்தின் இசைத்தட்டே வந்துவிட்டது.

இயைபுப்பித்தன்:
அவருடைய பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூச்சு விடுகிற இடமே தெரியாது. குறுக்கே கத்த நினைப்பவனுக்கு இடைவெளி கிடைக்காது. நம் யாப்பில் இயைபு என்கிறோமே, வரியின் கடைசிச் சொல் ஒலிப்பொருத்தம், அதில்தான் அவருடைய சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒலி வரப்போகிறது என்று காதுக்கு முன்பே தெரியும், எந்தச் சொல் என்று மட்டும் தெரியாது. சிரிப்பைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு இன்னும் நான்கு சொல் இழுத்தால் போச்சு.

வடக்கத்திக் காற்று:
ஏற்றம் ஒரே கோடாக இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். எண்பதுகளில் ஹெராயின் பழக்கம் அவரை விழுங்கியது, எழுத்து ஏறக்குறைய நின்றுபோனது. ஆனாலும் மேடைக்குத் திரும்பினார். ஷெஃபீல்டில் அவர் கவிதை சொன்ன ஓர் இரவில், அந்த அரங்கின் மதுக்கூடத்தில் வேலை பார்த்த இளைஞர் அலெக்ஸ் டர்னர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் பாடகராக இருக்கும் ஆர்க்டிக் மங்கீஸ் ராக் குழு 2013-இல் கிளார்க்கின் காதல் கவிதையைப் பாடலாக்கியது அவரால்தான். அந்தக் கவிதையை இன்று உலகமே முணுமுணுக்கிறது.

சால்ஃபோர்டுவாசி:
மூவருக்கும் நன்றி. என் கவிதையை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஈரடிகளில் ஏழில் சிரிப்பு வரியின் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. நேற்றிரவு மூன்றைத் திருப்பிப் போட்டேன். மீதி நான்கையும் முடித்துவிட்டு, வரும் வியாழக்கிழமை அதே மாடிக்குப் போகிறேன்.