ஏற்காட்டு மலையில இருக்கற அத்தைக்கு ஊருக்குப் பக்கத்துலயே கொரோனா ஊசி போட வழி இருக்குங்களா?

திருப்பூர் செல்வி · ஜூன் 14, 2021, காலை

எல்லாருக்கும் வணக்கங்க. சேலம், ஏற்காடு பக்கம் விவரம் தெரிஞ்சவங்க யாராவது வழி சொன்னா புண்ணியமாப் போகும்.

எங்க அத்தைக்கு, அப்பாவோட கூடப்பொறந்த அக்கா, 72 வயசு. நாகலூர் தாண்டி உள்ள தள்ளி இருக்கற ஒரு சின்ன ஊர்ல தனியா இருக்காங்க. மாமா இல்லை, பிள்ளைங்களும் இல்லை. காலமெல்லாம் காப்பி எஸ்டேட்ல பழம் பறிச்சு, ஏணி வச்சு மிளகு பறிச்ச உடம்பு. இப்ப முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. மெயின் ரோட்டுக்கு வரணும்னாலே நடுவுல உக்காந்து உக்காந்துதான் வரணும். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறாங்க. ரத்தம் உறையாம இருக்க ஒரு சின்ன மாத்திரையும் இருக்கு.

நான் பனியன் கம்பெனியில டெய்லர். வேலை இல்லாம வீட்டுல இருக்கறதால காலையிலிருந்து ஊசிக்குப் பதியற கோவின் வெப்சைட்லயே உக்காந்திருக்கேன். 636601னு பின்கோடு போட்டுத் தேடினா பெரும்பாலும் ஒண்ணுமே காட்டறதில்லை. மாவட்டம் போட்டுத் தேடினா சேலம் டவுனுக்குள்ள இடம் காட்டுது, விரல் வைக்கறதுக்குள்ள அதுவும் போயிடுது. அப்படியே கிடைச்சாலும் அத்தை எப்படிங்க கீழ இறங்குவாங்க? ஊரடங்கால இன்னும் பஸ் விடலை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, டவுன்ல வரிசையில நின்னு, திரும்ப மலை ஏறணும். நானே போய்க் கூட்டிட்டு வரலாம்னா அவசரக் காரணம் இருந்தாத்தான் ஏற்காட்டுக்கு இ-பாஸ். தனியார்ல கோவிஷீல்டு 780 ரூபாய்ங்கறாங்க. அந்தப் பணத்தை எப்படியாவது பொரட்டிடுவேன், ஆனா அதுவும் கீழ டவுன்லதான்.

இன்னொரு சிக்கல். என் நம்பர்ல நான், வீட்டுக்காரர், மாமனார், மாமியார்னு நாலு பேரும் பதிஞ்சாச்சு. அஞ்சாவது ஆளைச் சேர்க்க விடலை. அத்தைகிட்ட இருக்கறது பட்டன் போன். வீட்டுக்குள்ள டவர் எடுக்காது. ஓடிபி வந்தாலும் அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

அத்தைக்குப் பயமும் இருக்குங்க. நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டாம் நாளே போயிட்டாரேன்னு கேக்கறாங்க. "எனக்கு வந்தா வரட்டும் சாமி, நீ புள்ளைகளைப் பாரு"ன்னு போனை வச்சிடறாங்க. எங்க அம்மா உடம்பு முடியாம கிடந்தப்ப அஞ்சாம் வகுப்பு வரைக்கும் என்னை வளர்த்தது அவங்கதான். இந்த ரெண்டாவது அலையில எங்க லைன் வீட்டுலயே எத்தனை பேரைப் பார்த்துட்டேன். அத்தையை அப்படி விட எனக்கு மனசு வரலை.

அஸ்தம்பட்டி குமரன் · ஜூன் 14, மதியம்

வணக்கம் சகோதரி. முதல்ல நம்பர் விஷயம். ஒரு செல் நம்பர்ல நாலு பேருக்கு மேல கோவின் எடுக்காது. உங்க வீட்டுக்காரர் பேர் உங்க நம்பர்லயே பதிஞ்சிருக்கறதால அவர் நம்பர் காலியாத்தான் இருக்கும். அதுல அத்தையைப் பதிஞ்சா ஓடிபி உங்க வீட்டுக்கே வரும். ஆதார்ல பேர் எப்படி இருக்கோ அதே எழுத்துல பதியுங்க. இப்ப கோவின்ல தமிழும் வந்துடுச்சு, வேணும்னா மாத்திக்கலாம்.

சேலம்னு போட்டுத் தேடறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கோவின் பட்டியல்ல ஆத்தூர் தனிப் பேரா இருக்கும். சுகாதாரத் துறை கணக்குல அது தனி மாவட்டம். சேலத்துல இல்லைன்னா அதையும் திறந்து பாருங்க.

அரசு மையத்துல 45 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு முன்பதிவு கட்டாயம் இல்லை. ஆதாரை எடுத்துட்டுப் போனா அங்கேயே பதிஞ்சு போடறாங்க. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் போட்டோம். ஆனா விடியறதுக்கு முன்னாடி போய் வரிசையில நின்னும் முதல் தடவை ஸ்டாக் தீர்ந்து திரும்பி வந்தோம். அடுத்த தடவை மடக்கு நாற்காலி ஒண்ணு, தண்ணி, பிஸ்கட் கொண்டு போனதால அப்பா தாங்கினார். முட்டி வலி உள்ளவங்களை அந்த வரிசைக்கு நான் அனுப்ப மாட்டேன். மலைமேல என்ன நிலவரம்னு அங்க இருக்கறவங்கதான் சொல்லணும்.

ஓய்வுபெற்ற நர்சம்மா · ஜூன் 14, மாலை

கண்ணு செல்வி, நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டையர் ஆனவ. கீழ்நாட்டுலயும் பார்த்திருக்கேன், மலையிலயும் பார்த்திருக்கேன். நீ அந்த ஸ்லாட் தேடறதை நிறுத்திட்டு, அத்தை ஊருக்குப் பொறுப்பான நர்சம்மா யாருன்னு முதல்ல கண்டுபிடி.

ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஒரு செவிலியர் உண்டு. சமவெளியில 5,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில 3,000 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. எந்த வீட்டுல கர்ப்பிணி இருக்கு, எந்தப் பாட்டிக்கு சுகர்னு எல்லாம் அவ நோட்டுல இருக்கும். நம்பர் தெரியலைன்னா அங்கன்வாடி டீச்சரைக் கேளு. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடற நாள், அவங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்பாங்க. யாருமே கிடைக்கலைன்னா 104க்குப் போன் பண்ணி, இந்த ஊர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கீழ வருதுன்னு கேளு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஏன் ஒருத்தர் வீட்டுக்கு ஊசியைத் தூக்கிட்டு வர மாட்டேங்கறாங்கன்னு நிறைய பேர் கோவப்படறாங்க. கோவிஷீல்டு ஒரு குப்பியில பத்து பேருக்கு மருந்து. முதல் ஊசி எடுத்த நேரத்துலயிருந்து நாலு மணி நேரம்தான் கணக்கு, மிச்சம் இருந்தா கொட்டியாகணும். உங்க அத்தை ஒருத்தருக்காக அதைத் திறந்தா ஒம்பது பேர் மருந்து மண்ணுக்குப் போகும். ஸ்டாக் இல்லாம ஜனம் திரும்பிப் போற நேரத்துல எந்த டாக்டரும் அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஆனா அதே ஊர்ல பத்து பேர் தயாரா இருக்காங்கன்னு பட்டியல் கையில வந்துட்டா பேச்சே வேற. கேரியர்னு சொல்ற ஊசிப் பெட்டியில ஐஸ் பேக் வச்சு, 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கற மாதிரி எடுத்துட்டு எங்க வேணும்னாலும் வரலாம். போலியோவுக்கு நாங்க அப்படித்தானே மலை ஏறினோம்.

அதனால நீ பண்ண வேண்டியது பட்டியல். பேர், பொறந்த வருஷம், ஆதார் நம்பர், ஒரு செல் நம்பர். 60 தாண்டினவங்களை மேல எழுது, குப்பி நிறையலைன்னா 45 தாண்டினவங்களைச் சேர்த்துக்கோ. நர்சம்மாகிட்ட ஒண்ணு, பஞ்சாயத்துல ஒண்ணு கொடு. வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்குப் பக்கத்துலயே முகாம் போடலாம்னு மத்திய சுகாதார அமைச்சகம் மே 27 அன்னைக்கே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் எதுல வேணும்னாலும் வைக்கலாம். ஊசி போட ஒரு இடம், போட்டப்புறம் அரை மணி நேரம் உக்காந்திருக்க ஒரு இடம், ஆத்திர அவசரத்துக்கு ஒரு வண்டி. இந்த மூணும் எங்க ஊர்ல தயார்னு நீங்களே சொன்னா அவங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

அத்தை பயத்தைத் திட்டாதே. விவேக் ஏப்ரல் 15 ஊசி போட்டார், 17 காலையில போயிட்டார். அதைப் பார்த்தா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அவருக்கு இதயத்துக்குப் போற முக்கியமான ரத்தக்குழாயில முழு அடைப்பு. அதுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லைன்னு பார்த்த டாக்டர்களும் சுகாதாரத் துறைச் செயலாளரும் அப்பவே சொன்னாங்க. இதை நீ போன்ல சொன்னா ஏறாது. அத்தை வயசுல, அத்தை மாதிரியே சுகர் உள்ள, ஊசி போட்டு நல்லா இருக்கற ஒரு அம்மாவை அவங்க திண்ணையில போய் உக்காந்து பேசச் சொல்லு.

போற அன்னைக்கு வெறும் வயித்தோட போகக் கூடாது. சுகர், பிரஷர் மாத்திரை வழக்கம் போல போடணும். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஆனா ஊசி போடறவங்ககிட்ட சீட்டைக் காட்டிச் சொல்லணும். போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அமுத்திப் பிடிச்சுக்குவாங்க. கை இறுக்கமான ரவிக்கை வேண்டாம். முன்னாடி ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ உடம்பு தடிச்சு மூச்சு முட்டினது உண்டுன்னா கட்டாயம் சொல்லணும். கொரோனா வந்து போயிருந்தா குணமாகி மூணு மாசம் கழிச்சுத்தான். எந்த ஊசின்னு எழுதி வாங்கிக்கோ. கோவிஷீல்டுன்னா அடுத்தது 84 நாள் கழிச்சு, கோவாக்சின்னா 28 நாள்.

ஒண்டிக்கடை ஜீப்காரன் · ஜூன் 14, இரவு

நர்சம்மா சொன்னதுதான் சரி. நான் மலைமேலதான் இருக்கேன், அதனால ரெண்டு மூணு விஷயம் சேர்த்துச் சொல்றேன்.

நாளையிலிருந்து ரேஷன் கடையில 2,000 ரூபாயும் 14 மளிகைச் சாமானும் தர்றாங்க. எந்த வீடா இருந்தாலும் ஒரு ஆள் வந்தே தீரும். பேர் எழுத அதை விட நல்ல நேரம் வராது. ஸ்மார்ட் கார்டோட ஆதாரையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. படிக்கற பையன் யாராவது ஒரு நோட்டோட அங்க உக்காந்தா போதும்.

டவர் இல்லாத ஊர்ல முகாம் அன்னைக்கு ஓடிபிக்காக எல்லாரும் காத்துக் கிடப்பாங்க. முந்தின நாளே டவர் எடுக்கற இடத்துக்கு வந்து கோவின்ல பதிஞ்சு வச்சிடுங்க. அப்புறம், முகாமைக் காலையில வைக்கச் சொல்லுங்க. இந்த மாசம் மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்கி மழை பிடிச்சா வயசானவங்க வெளிய வர மாட்டாங்க, டீமும் சீக்கிரம் கிளம்பத்தான் பார்க்கும். மலைக்குள்ளயே போக வர உங்க அத்தைக்கு வண்டி வேணும்னா இங்க எழுதுங்க அக்கா. டீசல் காசு கூட வேண்டாம்.

திருப்பூர் செல்வி · ஜூன் 27, 2021

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். அத்தைக்கு நேத்து சனிக்கிழமை ஊசி போட்டாச்சு. ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே!

அத்தை வீட்டுக்கு எதிர்த்த வீட்டுப் பையன் சேலத்துல காலேஜ் படிக்கறான். காலேஜ் மூடியிருக்கறதால ஊர்லதான் இருந்தான். அவன்தான் ரேஷன் கடை வாசல்ல நோட்டோட உக்காந்தது. முதல் நாள் தயங்கித் தயங்கிச் சிலர் எழுதினாங்களாம். ரேஷன் கடைக்காரரே தன் கையைத் தூக்கி "நான் போட்டாச்சு, என்னைப் பாருங்க"ன்னு சொன்னப்புறம் ஒரு குப்பிக்கு மேலயே பேர் சேர்ந்துடுச்சு. அங்கன்வாடி டீச்சர் மூலமா நர்சம்மா நம்பர் கிடைச்சது. அவங்க பட்டியலை வாங்கிப் பார்த்துட்டு, ஸ்டாக் வந்ததும் சொல்றேன்னு சொல்லி, சொன்ன மாதிரியே கூப்பிட்டாங்க.

அத்தையைச் சம்மதிக்க வச்சது அவங்களோட எஸ்டேட்ல வேலை பார்த்த ஒரு அம்மா. ரெண்டு பேரும் பேசினது என்னன்னு எனக்குத் தெரியாது. மறுநாள் அத்தையே போன் பண்ணி "எந்த ரவிக்கை போட்டுக்கட்டும்?"னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

ஜீப்கார அண்ணா, நீங்க வந்து வாசல்லயே ஏத்திக்கிட்டதை அத்தை ஊரெல்லாம் சொல்றாங்க. போட்டது கோவிஷீல்டு. ராத்திரி லேசாக் காய்ச்சல், கை வலி. பாரசிட்டமால் போட்டுத் தூங்கிட்டாங்க. இன்னைக்குக் களி கிண்டினதாச் சொன்னாங்க. ரெண்டாவது ஊசிக்குக் கணக்குப் போட்டா செப்டம்பர் 18 வருது, சரிங்களா அம்மா? சர்டிபிகேட்ல பொறந்த வருஷம் தப்பா விழுந்திருக்கு, அதை என்ன பண்றது?

அஸ்தம்பட்டி குமரன் · ஜூன் 27

ரொம்ப சந்தோஷம் சகோதரி. பதிஞ்ச நம்பர்ல கோவினுக்குள்ள போனா பிரச்சினையைத் தெரிவிக்கன்னு ஒரு பட்டன் புதுசா வந்திருக்கு. பேர், பொறந்த வருஷம், ஆணா பெண்ணாங்கறதை அதுல திருத்தலாம். திருத்த வாய்ப்பு ஒரு தடவைதான்னு சொல்றாங்க, அதனால ஆதாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பண்ணுங்க.

காடையாம்பட்டி மணி · ஜூன் 28

இதைப் படிச்சுட்டு எங்க தெருவுலயும் பேர் எழுத ஆரம்பிச்சிருக்கோம். எங்க அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்கார். பள்ளிக்கூடம் வரைக்கும் கூடத் தூக்கிட்டுப் போக முடியாது. அவருக்கு என்னங்கம்மா வழி?

ஓய்வுபெற்ற நர்சம்மா · ஜூன் 28

செல்வி, 18ந் தேதி சரிதான். அதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போகாதே, பதிவு எடுக்காது. அன்னைக்கே கிடைக்கலைன்னா பதறாதே, 12லிருந்து 16 வாரத்துக்குள்ள போட்டா போதும். இதே பட்டியலைப் பத்திரமா வச்சிரு, ரெண்டாவது ஊசிக்கும் அதே ஆளுங்கதான்.

மணி, அப்பா பேரைப் பட்டியல்ல முதல்ல எழுதி, பக்கத்துலயே "படுக்கை"ன்னு குறிச்சிரு. முகாமை உங்க வீட்டுக்கு எவ்வளவு பக்கத்துல வைக்க முடியுமோ அங்க வைக்கச் சொல்லு. குப்பி திறந்திருக்கற அந்த நாலு மணி நேரத்துக்குள்ள டீம்ல ஒருத்தர் கேரியரோட நடந்து வந்து போட்டுட்டு, அரை மணி நேரம் உக்காந்து பார்க்க முடியுமான்னு மெடிக்கல் ஆபீசர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வை. முடிவு அவர் கையில. அப்பாவோட பழைய டிஸ்சார்ஜ் சீட்டும் மாத்திரைச் சீட்டும் தயாரா இருக்கட்டும். படுக்கைப் புண்ணோ காய்ச்சலோ இருந்தா அதை இப்பவே டாக்டர்கிட்ட காட்டிடு. அன்னைக்குக் காலையில சொன்னா தள்ளிப் போட்டுடுவாங்க.