சேலம் உருக்காலை: விற்பதா, வைத்திருப்பதா?

கஞ்சமலையான்: 2016இல் மத்திய அமைச்சரவை ஆலையை விற்கக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. 2019இல் வாங்க விருப்பமுள்ளவர்களைக் கூப்பிட்டார்கள். கேட் முன்னால் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். எப்போது மறுபடி கிளப்புவார்களோ! நிலம் கொடுத்தவர்கள் தனியார் முதலாளிக்கா கொடுத்தார்கள்?

செவ்வாய்ப்பேட்டை பாலு: அண்ணே, பல வருஷம் நஷ்டம். வரி கட்டுகிறவன் எவ்வளவு காலம் சுமப்பான்? 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா கைக்குப் போனது, வானம் இடிந்தா விழுந்தது? எனக்குப் பாத்திரக்கடை. முன்பெல்லாம் குடத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்து, "சேலம் ஸ்டீல்தானே?" என்று கேட்பார்கள். இப்போது தராசை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

கஞ்சமலையான்: நஷ்டம் எப்படி வந்தது? 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்கிறது என்று பேசித்தான் ஆலை கேட்டோம். வந்ததோ வெறும் உருட்டாலை, வெளியே வாங்கிய எஃகைத் தகடாக்குவது மட்டும்தான். எஃகை உருக்கும் பிரிவு 2010இல்தான் வந்தது. அதுவரை ஆட்டுக்கல் இல்லாத வீட்டில் மாவை வெளியே வாங்கித் தோசை விற்ற பிழைப்பு.

செவ்வாய்ப்பேட்டை பாலு: நானும் அதைத்தானே சொல்கிறேன்! ஒரு உலை வைக்க இவ்வளவு காலம் யோசிக்கிற முதலாளியை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

ஏற்காடு மேரி: இரண்டு பேரும் நெய்வேலியை, மத்திய அரசின் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை, மறந்துவிட்டீர்கள். 2006இல் கருணாநிதி முறுக்கிக்கொண்டதும் மன்மோகன் சிங் பங்கு விற்பனையையே நிறுத்திவைத்தார். 2013இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியைக் காட்டி மறுபடி வந்தபோது, ஜெயலலிதா அரசு மாநில நிறுவனங்களை வைத்து 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. இங்கேயும் மாநிலம் கேட்கலாமே?

செவ்வாய்ப்பேட்டை பாலு: அது ஒரு துண்டுப் பங்கு அக்கா. இது முழு ஆலை, வாங்கினால் சம்பளமும் மின்கட்டணமும் சேர்ந்து வரும். மின்வாரியக் கடனையே சமாளிக்க முடியாத அரசு இதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளுமா?

கஞ்சமலையான்: சரி, ஒரு பேச்சுக்கு விற்கட்டும். காலி நிலத்தை அரசே வைத்துக்கொண்டு இயந்திரத்தை மட்டும் விலை பேசட்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

செவ்வாய்ப்பேட்டை பாலு: அதற்கு நான் சம்மதம். அப்புறம் நிலம் கொடுத்தவரின் பேரனுக்கு வேலை என்று பத்திரத்தில் எழுதச் சொல்வீர்கள். எந்த முதலாளி கையெழுத்துப் போடுவான்?

கஞ்சமலையான்: சொல்வேன். முதல் ஷரத்தே அதுதான்.