வஅத்: வாக்குறுதியா, வேறு பெயரில் ஃபார்வர்டா?

இறக்குமதியாளர்: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு வரவு யூரோவில். சரக்குக்குக் கட்ட வேண்டியது டாலரில், அதுவும் 90 நாள் கழித்து. லாபம் நூற்றுக்கு மூன்றுதான். டாலர் நாலு சதவீதம் ஏறினால் கைநஷ்டம். பின்னொரு நாள் மாற்றுவதற்கு இன்றே விலையைக் கட்டிவைக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தம் மார்க்கத்தில் கூடாது என்று தெரியும். இஸ்லாமிய வங்கி, வஅத் (வாக்குறுதி) முறையில் இன்றே விலையைப் பேசிக்கொள்ளலாம், பணத்தை 90ஆம் நாள் கைக்குக் கை மாற்றலாம் என்கிறது. நான் சூதாடவில்லை, இருக்கிற கடனைத்தான் காக்கிறேன். இதில் என்ன தவறு?

தராசு: வஅலைக்குமுஸ்ஸலாம். நோக்கத்தில் குறையில்லை சகோ. ஆனால் ஒரு நாணயத்துக்கு இன்னொன்றை மாற்றுவது மார்க்கச் சட்டத்தில் ஸர்ஃப். மாற்றும் இனம் வேறானாலும் அப்போதே கைக்குக் கை மாற வேண்டும் என்பது ஹதீஸின் நிபந்தனை. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும் ஆயோஃபி (AAOIFI) அமைப்பின் முதல் ஷரீஅத் தரநிலை, இரு தரப்பையும் கட்டும் வாக்குறுதியை நாணய மதிப்பு சரியும் ஆபத்துக்காகக்கூட ஏற்கவில்லை. ஒருதலை வாக்குறுதிக்குத்தான் அனுமதி. உங்கள் பத்திரத்தில் வாக்குறுதி எத்தனை?

இறக்குமதியாளர்: இரண்டு. அன்றைக்கு டாலர் பேசிய விலைக்குக் கீழே இருந்தால் நான் வாங்கியே தீர வேண்டும். மேலே இருந்தால் வங்கி விற்றே தீர வேண்டும். தனித்தனித் தாள், தனித்தனிக் கையெழுத்து. இரண்டும் ஒரே நேரத்தில் உயிர்பெறாது, அதனால் இருதலை ஆகாது என்கிறது வங்கியின் ஷரீஅத் குழு.

தராசு: இறங்கினால் நீங்கள் வாங்கணும், ஏறினால் அவர்கள் விற்கணும். ஆக, எப்படியும் பேசிய விலைக்கே மாற்றம் நடக்கும். ஃபார்வர்டில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? தாளை இரண்டாகக் கிழித்தால் ஒப்பந்தம் வாக்குறுதி ஆகிவிடுமா?

களஞ்சியம்: நான் தானிய வியாபாரி. எனக்கு ஸலம், அதாவது பணத்தை முன்னால் கொடுத்துச் சரக்கைப் பின்னால் வாங்கும் முறை, போதும். முழு விலையும் இன்றே கொடுப்பேன். அளவு, தரம், தேதி எல்லாம் எழுத்தில். ஃபியூச்சர்ஸ் என்ற சந்தை ஒப்பந்தத்தில் பணமும் பின்னால், சரக்கும் பின்னால். 1992இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி (மார்க்கச் சட்ட அறிஞர் அவை) அதை ஏற்கவில்லை. ஸலமிலும் விலை சரிந்தால் அடி எனக்குத்தான், சரக்கு கைக்கு வரும்முன் அதை விற்கவும் முடியாது. ஆனால் விதைக்கிறவர் கையில் பணம் நிஜமாகவே போய்ச் சேர்கிறது. நாணயத்துக்கு மட்டும் இது உதவாது.

இறக்குமதியாளர்: அப்போ வங்கியின் வாக்குறுதியை மட்டும் வாங்கிக்கொண்டால்?

தராசு: அதற்குக் கட்டணம் கேட்பார்கள். கட்டணம் கொடுத்து உரிமையை மட்டும் வாங்கும் அது ஆப்ஷன், அதே 1992 தீர்மானம் அதையும் ஏற்கவில்லை. முராபஹாவாக (வங்கி வாங்கி, லாபம் வைத்து விற்கும் முறை) கேட்டுப் பாருங்கள். வங்கி இன்றே டாலர் கொடுத்துச் சரக்கைத் தன் பெயரில் வாங்கட்டும், உங்களுக்கு யூரோவில் 90 நாள் தவணைக்கு விற்கட்டும். நாணய ஆபத்து உங்கள் பக்கமே வராது.

இறக்குமதியாளர்: இந்தச் சரக்கு ஏற்கெனவே என் பெயருக்கு வந்துவிட்டது, இதற்கு அது நடக்காது. கையில் இருக்கிற யூரோவுக்குப் பாதி டாலரை இன்றே வாங்கி வைக்கிறேன், மீதிக்கு அல்லாஹ் போதுமானவன். அடுத்த ஆர்டருக்கு முராபஹா கேட்கிறேன். ஆனால் வஅத் ஹராம் என்பதை இன்னும் ஏற்கவில்லை சகோ. ஆபத்துக் காப்புக்கு இஸ்லாமிய நிதித் துறையில் 2010இல் வந்த தஹவ்வுத் மாதிரி ஒப்பந்தம் உண்மையான ஆபத்துக்கு மட்டும், ஊகத்துக்கு அல்ல என்றுதானே வரம்பு கட்டியது?

தராசு: வரம்பு நல்லதுதான். நான் கேட்பது அந்த இரண்டாவது தாளைப் பற்றி.